மியூவின் மதிப்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"ஜெர்மனியில கார் சம்பந்தப்பட்ட வேலைதானே, ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். அதனால் மின்விசிறிக்கு அடியிலும் வியர்த்துக்கொண்டிருக்கிற உங்களிடம், பனியில் ஓடும் காருக்கு டயர் வாங்குவதைப் பற்றிப் பேசப்போகிறேன். பொறுத்தருள வேண்டும்.

மெக்கானிக்ஸ் வகுப்பில் கணக்கு எப்படி ஆரம்பிக்கும்? "உராய்வுக் குணகம் மியூ 0.3 எனக் கொள்க." நாமும் கொண்டோம், மார்க் வாங்கினோம். அந்த மியூ எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

2016-இல் ஸ்டுட்கார்ட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். நாலு சக்கரமும் இழுக்கும்; 19 அங்குல ரிம்; அகலமான கோடைகால டயர். அங்கே "அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை குளிர்கால டயர்" என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த வழக்கம். உடன் வேலை செய்தவர் எச்சரித்தார். எனக்குக் கல்விக் கடன் பாக்கி. "நாலு சக்கரமும் இழுக்குதே, போதும்" என்று தள்ளிப்போட்டேன்.

நவம்பரில் ஒருநாள் காலையில் காய்ந்த ரோடு. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது இரண்டு விரல் உயரப் பனி. அது மேடும் பள்ளமுமான ஊர். இறக்கத்தில், பாதசாரிகள் கடக்கும் இடத்தில் ஒரு பாட்டி நடுரோட்டில் இருந்தார். பிரேக்கை மிதித்தேன். ஏபிஎஸ் காலடியில் கடகடவென்று உதறியதே தவிர, கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து நடைபாதைக் கல்லில் மோதினேன். ரிம் உடைந்தது, பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. குனிந்து டயரைப் பார்த்தார். "கோடை டயரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தார். அந்த ஒரு கேள்விக்கு முன்னால் என் டிகிரி கூனிக் குறுகி நின்றது.

அன்றிரவு காகிதத்தில் கணக்குப் போட்டேன். நிற்கும் தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை, இரண்டு மடங்கு மியூ ஜி-யால் வகுத்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில், மியூ 0.8 என்றால் சுமார் 8 மீட்டர், 0.2 என்றால் 31 மீட்டர். இந்தச் சூத்திரத்தில் குதிரைத்திறன் எங்கேயாவது வருகிறதா? நாலு சக்கர இழுவை வருகிறதா? கிளம்பத்தான் அவை உதவும். நிற்க உதவுவது மியூ ஒன்றுதான்.

சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும். அதிலுள்ள நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள் பனியைக் கவ்வும்.

வேகமான காருக்கு எதைப் பார்த்து வாங்குவது? முதலாவது, மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் போட்ட முத்திரை. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் 'எம் பிளஸ் எஸ்' எழுத்து மட்டும் இருந்தால் குளிர்கால டயராகச் செல்லாது. இரண்டாவது, ரிம்மை ஓர் அங்குலம் குறையுங்கள். 255/35 ஆர்19-க்குப் பதில் 225/45 ஆர்18 போட்டால் விட்டம் ஏறக்குறைய அதேதான். ஒடுங்கிய டயர் பனியை அறுத்துப் போகும்; உயரமான பக்கச்சுவர் குழியில் ரிம்மைக் காக்கும். ஆனால் பெரிய பிரேக் காலிப்பர் உள்ளே அடங்குமா, அந்த அளவு உங்கள் காருக்கு அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்துவிட வேண்டும். மூன்றாவது, பாரக் குறியீடு குறையக் கூடாது. வேகக் குறியீடு குறையலாம். 'எச்' என்றால் 210 கிலோமீட்டர். அந்த வரம்பை டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டிவைக்க வேண்டும். நான்காவது, நாலும் மாற்றுங்கள். இரண்டு மட்டும் மாற்றினால் வண்டி சுழலக்கூடும். பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் விடை கொடுங்கள். 10 டிகிரி குளிர்ந்தால் காற்றழுத்தம் சுமார் 0.1 பார் இறங்கும், அதையும் கவனியுங்கள்.

தம்பிகளே, நாளைக்கு வெளிநாடு போய்ச் சம்பாதித்து வேகமான கார் வாங்குங்க, வேண்டாங்கல. டயருக்கான பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் என்ஜின் வாங்குங்க. இங்கேயே இருப்பவர்களுக்கும், மழையில் மொட்டை டயரோடு பைக் ஓட்டும்போது இதே கணக்குதான்.

பரீட்சையில் மியூவின் மதிப்பைக் கேள்வித்தாளே கொடுத்துவிடும். ரோட்டில் அதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பாக எடுத்தால் மார்க் போவது நமக்கு மட்டுமல்ல.