புலியோடு ஒரு போட்டோ



அண்மையில் நண்பர் ஒருவரின் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். கட்டிங் மேசையைத் தாண்டி அவருடைய அறைக்குள் நுழைந்ததும் சுவரில் இருந்த பெரிய படம் கண்ணில் பட்டது. தாய்லாந்து டூரில் எடுத்தது. படுத்திருக்கும் புலியின் முதுகில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் இன்னொருவர் கை மட்டும் தெரிகிறது. அந்தக் கையில் ஒரு குச்சி.

"பயமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"பழக்கின புலிங்க. ஒண்ணும் பண்ணாது" என்றார்.

அப்படி நம்பிவிடலாமா? 2022 ஜனவரியைத் திருப்பூர்க்காரர்களான நாம் மறந்திருக்க மாட்டோம். அவிநாசி பக்கம் பாப்பாங்குளத்தில் சோளக்காட்டுக்குள் சிறுத்தை புகுந்து சிலரைக் காயப்படுத்தியது. சில நாள் கழித்துத் திருப்பூர் அம்மாபாளையத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கும்வரை, சாயங்காலமானால் பிள்ளைகளை வாசலுக்குக்கூட விடவில்லை. கூண்டில் பிறந்த புலிக்கும் அதே பல், அதே நகம்தான். 2025 மே மாதம் தாய்லாந்தின் புக்கெட்டில் சங்கிலியில் கட்டிய புலியோடு நடந்த இந்தியர் ஒருவர், படத்துக்காகப் பக்கத்தில் குனிந்தார். புலி பாய்ந்துவிட்டது. நல்லவேளை, உயிர் தப்பினார்.

படத்துக்காக வைத்திருக்கும் புலி எப்படி மனிதர் கைக்குப் பழகுகிறது? காட்டில் குட்டி ஏறக்குறைய இரண்டு வருஷம் தாயோடு இருக்கும். புலியோடு படம் எடுக்கும் இடங்களில் பிறந்த சில வாரத்திலேயே குட்டியைப் பிரித்துப் புட்டிப்பால் கொடுக்கிறார்கள். நாளெல்லாம் கைமாறிக் கைமாறி மடியில் உட்காருகிறது. தூங்கும் நேரத்திலும் எழுப்பிப் படம் எடுக்கிறார்கள். குட்டியை இழந்த தாய் சீக்கிரமே மறுபடி சினைக்கு வந்துவிடும். சில மாதத்தில் குட்டி மடியில் வைக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிடும். அதற்குள் அடுத்த குட்டி தயாராக வேண்டும். வளர்ந்த புலிகள் என்ன ஆகின்றன என்று டிக்கெட் வாங்குகிறவர்கள் கேட்பதில்லை.

2016-ல் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. தாய்லாந்தில் காஞ்சனபுரி 'புலிக் கோயில்' உலகமெங்குமிருந்து ஆட்களை இழுத்த இடம். அதிகாரிகள் உள்ளே போய் 137 புலிகளை வெளியே கொண்டுவந்தார்கள். குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் 40 குட்டிகளின் உடல்கள். புலித்தோலும் தாயத்துகளும் அங்கே இருந்தன. முன்பே மீட்டவற்றையும் சேர்த்து, அந்தக் கோயிலிலிருந்து மீட்ட மொத்தம் 147 புலிகளில் 86 இறந்துபோனதாக 2019-ல் செய்தி வந்தது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் அவற்றுக்கு நோய் தாங்கும் சக்தி இல்லை என்றார்கள்.

நம் நாடு இதில் ஒரு நல்ல முடிவு எடுத்திருக்கிறது. சர்க்கஸ் கூடாரத்தில் சிங்கம் நெருப்பு வளையத்தைத் தாண்டியதைப் பார்த்துக் கைதட்டிய தலைமுறை நாம். 1998-ல் மத்திய அரசு புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று அறிவித்தது. 2001-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சர்க்கஸிலிருந்து வந்த சிங்கங்களுக்கு வண்டலூர் உயிரியல் பூங்காவில் மறுவாழ்வு மையமே இருந்தது. இங்கே வேண்டாம் என்று நிறுத்தியதை, விமானம் ஏறிப் போய்க் காசு கொடுத்து வாங்கலாமா?

நேயர்களே, இந்தக் கேள்வியைக் கேட்கத் திருப்பூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்டர் கொடுக்கும் பையர் நம் பனியனைத் தொட்டுப் பார்ப்பதோடு விடுவதில்லை. தைத்தவர் வயசென்ன, எத்தனை மணி நேரம் வேலை, சாயத்தண்ணீர் எங்கே போகிறது என்று ஆடிட் வைக்கிறார். 2011-ல் சாயத்தண்ணீர் பிரச்சினையால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தபோது, அந்தக் கேள்வியின் கனம் நமக்குப் புரிந்தது. குழந்தைத் தொழிலாளர் இங்கு இல்லை என்று வாசலில் போர்டு மாட்டியிருக்கிறோம். தாயிடமிருந்து பிரித்த குட்டியை வேலைக்கு வைத்து எடுக்கிற படத்துக்கு மட்டும் அந்தக் கேள்வி வேண்டாமா? அந்தப் படத்துக்கு நாம்தான் பையர்.

அடுத்த டூருக்கு முன்பணம் கட்டும்போது ஏஜெண்டிடம் சொல்லுங்கள்: புலியைத் தொடுகிற, குட்டிக்குப் பால் கொடுக்கிற இடம் பட்டியலில் வேண்டாம். பிள்ளைகளுக்குப் புலி பார்க்க ஆசையென்றால் டாப்ஸ்லிப் காடு இருக்கிறது. அங்கே புலி கண்ணில் படாமலே திரும்ப நேரலாம். ஈர மண்ணில் அதன் கால்தடம் பார்த்தாலே போதும்; வீடு வரும்வரை பிள்ளைகள் அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.