முனையும் துறையும்: கல்முனைக் கரையின் பழைய ஊர்கள்

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடற்கரைச் சாலையிற் செல்வோர், ஊர்ப்பெயர்களிலே ஒரு புதுமையைக் காண்பர். கல்முனையும் பாலமுனையும் முனைகள். விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவோ தீவு. சற்று உள்ளே, நெல்வயல்களின் நடுவே இருக்கும் சம்மாந்துறை ஒரு துறை. இன்று காரைதீவைக் கடல் சூழ்ந்திருக்கவில்லை. சம்மாந்துறையில் மரக்கலம் ஒதுங்குவதுமில்லை. சம்பான்கள் வந்தடைந்த துறையே சம்மாந்துறை ஆயிற்று என்பது ஊர்மரபு.

இம்மரபை மெய்யென ஏற்பதா, வெறுங்கதையெனத் தள்ளுவதா? பெயரொன்றே சான்றாகிவிடாது. மண்ணியலார் வயலிலே ஆழத் துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்த்தல் வேண்டும். நன்னீர்ச் சேற்றின் கீழே உவர்நீர்ச் சிப்பிகள் கிடைக்குமாயின், அங்கே ஒருகாலத்தில் களப்பு இருந்தமை புலனாகும். அச்சிப்பிகளின் வயதைக் கரிமக் கணிப்பு காட்டும். அக்களப்பு வற்றுமுன்னரே மக்கள் கரையில் வாழ்ந்தனரா என்பதைப் பானையோடுகளைக் கொண்டு தொல்லியலார் கூறலாம்.

ஏடுகளின் துணையும் உண்டு. கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டில் நாலாயிரம் முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவைரோஸ் எழுதினார். பலரும் வரலாற்றை இங்கிருந்தே தொடங்கிவிடுகின்றனர். ஆனால் வந்தவர்கள் வெறுங்காட்டுக்கு வந்தனரா, முன்னரே வாழ்ந்த தம்மவரிடம் வந்தனரா என்பதை அவ்வெண் சொல்லாது.

இவ்விடத்தில் மானிடவியல் கைகொடுக்கின்றது. 1969ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே, தாய்வழிக் குடிமுறை முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் பொதுவாயிருத்தலை விரிவாக எழுதியுள்ளார். வீடு மகளுக்குச் சீதனமாகும்; மருமகன் மனைவியின் வீட்டுக்கு வருவான். தாயின் வளவு மகளிருக்காகப் பிரியும். பின்னர் அதுவும் பிரியும். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீடுகள் இத்துணை நெருங்கி நிற்பதற்கு நிலக்குறைவோடு இவ்வழக்கமும் காரணமாகும். இவ்வூர்களைச் சேர்ந்த நேயர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. நிலப்படத்தை மட்டும் நோக்கும் புவியியலாருக்கோ இது எளிதிற் புலப்படாது.

இன்றைய வயல்வெளியைக் கொண்டு பழைய நிலத்தை அறிந்துவிடலாம் என்பதும் பிழை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை மறித்து, நீரின் போக்கையே மாற்றிவிட்டது. அதற்கு முந்திய வயற்கண்டங்களை அறிய, வட்டைகளின் பெயர்களே பேருதவி புரிவன. வட்டைவிதானைமாரும் முதிய போடிமாரும் அறிந்த அப்பெயர்களிற் பல எந்தப் படத்திலும் இல்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையிற் புகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்னோர் எந்த மணல்மேட்டில் வாழ்ந்தனர், எந்தத் தாழ்நிலத்தை வயலுக்கும் களப்புக்கும் விட்டுவைத்தனர் என்னும் வினா அன்றுமுதல் புலவர்களின் வினாவாக மட்டும் இருக்கவில்லை. கடலோரத்திற் குடியிருக்கலாகாது என்று விதி வந்தபோது, பிறிதோர் ஊருக்குச் செல்லப் பலர் மறுத்தனர். மகளுக்கென வைத்த சீதனவீட்டை இழந்தவர்கள், குடியையும் பள்ளிவாசலையும் விட்டு எங்ஙனம் அகல்வர்? ஆகவே சில இடங்களில் அயலிலுள்ள வயல்களை மண்ணிட்டு நிரப்பிப் புதுவீடுகள் எழுப்பப்பட்டன. துறையும் தீவும் இருந்தமைக்குச் சான்று தேடித் துளையிடவேண்டிய சேறு, அங்கெல்லாம் அந்நிரப்பு மண்ணின் கீழே கிடக்கின்றது.