பை சுமந்தவரும் பரிசு வென்றவரும்



நம் நெகிரி செம்பிலானில் நீலாய், மந்தின், போர்ட்டிக்சன் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு கோல்ப் திடல் கண்ணில் படுகிறது. மலேசியாவில் ஒரு காலத்தில் ரப்பர் மரம் நின்ற நிலங்கள் பல இன்று இப்படிப் பச்சைப் புல்வெளியாக விரிந்து கிடக்கின்றன. அந்தப் புல்லை வெட்டுவதிலும், ஆட்டக்காரர்களின் பையைச் சுமப்பதிலும் நம்மவர் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

வார விடுமுறையில் திடலுக்குப் போய் நாலு காசு கொண்டு வரும் மகனைப் பார்த்துத் தாய்க்கு ஒரு பக்கம் மகிழ்ச்சி, ஒரு பக்கம் கவலை. "பையன் படிப்பை விட்டுவிடுவானோ? இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு. நமக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

கோல்ப் ஆட்டத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழியின் அகலமும் 108 மில்லிமீட்டர். 46 கிராமுக்கும் குறைவான பந்தை, எத்தனை குறைந்த அடிகளில் முடியுமோ அத்தனை குறைந்த அடிகளில் குழிக்குள் சேர்க்க வேண்டும். ஆட்டக்காரர் அதிகமாக 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பையைச் சுமந்து உடன் நடப்பவர்தான் கேடி.

இதையே பிழைப்பாகக் கொண்டவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் கிளப்பில் இருப்பவர். உறுப்பினர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுப்பார், போட்டிகளை நடத்துவார், மட்டைகளைப் பழுது பார்ப்பார், சில இடங்களில் கடையும் வைத்திருப்பார். மற்றவர் ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் ஆடுபவர். முதலாமவருக்குச் சம்பளமோ கட்டணமோ வரும். இரண்டாமவர் வென்றால்தான் பணம். பெரும்பாலான பெரிய போட்டிகளில் முதல் இரண்டு நாள் ஆட்டத்தோடு ஏறத்தாழப் பாதிப் பேர் வெளியேற வேண்டும். அவர்களுக்குப் பொதுவாகப் பரிசுப் பணம் கிடையாது. பயணச் செலவோ அவர்கள் தலையில்தான்.

இந்தத் தொழில் தொடக்கத்தில் ஏவல் வேலையாகத்தான் இருந்தது, நேயர்களே. ஸ்காட்லாந்தில் டாம் மோரிஸ் என்பவர் பந்து செய்யும் பட்டறையில் வேலை பழகியவர். பிறகு திடல் பராமரிப்பாளர் ஆனார். 1861 முதல் 1867 வரை நான்கு முறை பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். வெற்றி பெற்றாலும் இத்தகையோர் கிளப் கட்டடத்துக்குள் உறுப்பினர்களோடு சமமாக உட்கார முடியாது. 1920-இல் வால்டர் ஹேகன் என்ற அமெரிக்க வீரர் இங்கிலாந்தில் ஆடப் போனபோது, உடை மாற்றக்கூட அவரை உள்ளே விடவில்லை. அவர் ஒரு பெரிய காரை வாடகைக்கு எடுத்து, கிளப் வாசலிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றிக்கொண்டார்!

வெள்ளைக்காரருக்கே அந்த நிலை என்றால், நம்மவர் கதை எப்படி இருந்திருக்கும்?

1860-இல் சென்னையிலிருந்து ஒரு கப்பல் தென்னாப்பிரிக்காவின் நாத்தால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிச் சென்றது. நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த கதையைப் போன்றதுதான் அது. இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் பலர் அங்கே போனார்கள். அப்படிக் குடியேறிய இந்தியச் சமூகத்தில், டர்பன் நகரில் பிறந்தவர் சியூசங்கர் சியூகோலம். 'பாப்வா' என்று அழைப்பார்கள். பள்ளிப் படிப்பு அவருக்குக் கிட்டவில்லை. சிறு வயதிலேயே கேடி வேலைக்குப் போனார். ஆட்டத்தை யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்தே பழகினார். அதனால் அவர் மட்டையைப் பிடித்த விதமே தலைகீழ். வலக்கைக்காரர் இடக்கையை மேலே வைப்பதுதான் வழக்கம். பாப்வா அதைக் கீழே வைத்தார்.

தலைகீழாகப் பிடித்த அந்தக் கை என்ன செய்தது தெரியுமா? கிரஹாம் வுல்ஃப் என்ற தொழிலதிபர் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்ல, 1959-இல் டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றது. 1960-இலும் 1964-இலும் மீண்டும் வென்றது.

1963-இல் அவர் தம் சொந்த ஊரிலேயே, டர்பன் கண்ட்ரி கிளப்பில் நடந்த நாத்தால் ஓப்பன் போட்டியில் வெள்ளையர்களோடு மோதி வெற்றி பெற்றார். அன்று மழை. இனஒதுக்கல் காலம் அது. கிளப் கட்டடத்துக்குள் இந்தியருக்கு இடமில்லை. மற்றவர்கள் உள்ளே இருக்க, வெற்றி பெற்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அந்தப் படத்தை உலகமே பார்த்தது.

1965-இல் அதே போட்டியில், உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையும் அவர் தோற்கடித்தார். பலன் என்ன? அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போட்டிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. கடவுச்சீட்டும் பறிபோனது. 1978-இல் வறுமையிலேயே அவர் காலமானார். டர்பனில் ஒரு கோல்ப் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர் நிலைத்தது, வாழ்வு நிலைக்கவில்லை.

இன்னொருவரைப் பாருங்கள். கொல்கத்தாவில் 1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்த ஒரு தொழிலாளியின் மகன் எஸ். எஸ். பி. சௌராசியா. தந்தை வேலை செய்த திடலிலேயே ஆட்டம் பழகினார். 2008-இல் டில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் வென்றார். 2016-இலும் 2017-இலும் இந்தியன் ஓப்பன் பட்டம் அவருக்கே. 2016-இல் ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

இருவருமே திடலில் வளர்ந்தவர்கள். இருவருக்கும் திறமை இருந்தது. வேறுபாடு எங்கே? ஒருவருக்குச் சட்டம் கதவை மூடியது. மற்றவருக்குக் கதவு திறந்திருந்தது. திறமை மட்டும் இருந்தால் கோப்பை கிடைக்கும். உரிமையும் சேர்ந்தால்தான் வாழ்வு கிடைக்கும்.

இன்று நம் பிள்ளைகளுக்குச் சட்டம் கதவை மூடவில்லை. ஆனால் படிப்பை நிறுத்தினால் நாமே அதை மூடியவர்கள் ஆவோம். கிளப்பில் கற்றுக்கொடுக்கும் பணிக்குத் தேர்வும் பயிற்சியும் உண்டு. விதிமுறைகளைப் படிக்க வேண்டும், பிறருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். புல்தரைப் பராமரிப்பும் இன்று மண், நீர், உரம், பூச்சி எல்லாம் அறிந்தவர் செய்யும் வேலை. மண்ணோடும் மரத்தோடும் வாழ்ந்த நமக்கு அது புதிதல்ல. ஆனால் கை அறிந்ததைக் காகிதமும் சொல்ல வேண்டும்.

ஆகவே பெற்றோரே, திடலுக்குப் போகும் பிள்ளையைத் திட்டாதீர்கள். விடுமுறையில் போகட்டும். பள்ளி நாளில் வகுப்பில் இருக்கட்டும். எஸ்.பி.எம். முடிக்கட்டும். ஆர்வம் இருந்தால் மகளும் போகட்டும். பந்தயம் ஆடுபவர்களில் வெல்பவர் சிலரே. கைத்தொழிலும் சான்றிதழும் இருந்தால், தோற்ற நாளிலும் வீட்டில் அடுப்பு எரியும்.

மழையில் நின்று கோப்பை வாங்கிய அந்த மனிதரை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் கூரைக்குக் கீழே நின்று பரிசு வாங்க வேண்டும்.