வேலையிடத்துக்கு ஒரு மேசை ரம்பம்



வெள்ளறடையிலிருந்து பனச்சமூட்டைக் கடந்து போகிறவர், எந்த இடத்தில் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கியது என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இருபுறமும் அதே ரப்பர்த் தோட்டங்கள். அதே அயனியும் பலாவும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே வெள்ளறடைப் பக்கத்துத் தமிழர்கள் ஊரைவிட்டு ஓரடியும் பெயராமலே வெளிமாநிலத் தமிழர் ஆனார்கள். பிழைப்பை நாடி வெளிமாநிலம் சென்றிருக்கும் உங்களுக்கு அவர்கள் ஒருவகையில் உறவினர்.

அவ்வட்டாரத்தில் கட்டப்பட்டுவந்த வீடொன்றில் நான் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒட்டுப்பலகை ஒன்றின் நடுவே நீளமாக ஒரு பிளவு. பலகையின் அடியில், சலவைக்கல் அறுக்கும் கைக்கருவியைத் தலைகீழாகத் திருகி முடுக்கியிருந்தார்கள். கல் அறுக்கும் வட்டை எடுத்துவிட்டு மரம் அறுக்கும் பல்வட்டைப் பொருத்தி, விசையை எப்போதும் அழுந்தியிருக்கும்படி செய்திருந்தார்கள். பிளவின் வழியாகப் பற்கள் மேலே எட்டிப் பார்த்தன. அதுதான் அவர்களுடைய மேசை ரம்பம். வேலை செய்துகொண்டிருந்த இளைஞருக்கு இடக்கைக் கட்டைவிரலின் நுனி இல்லை. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டு, “அண்ணே, இது இல்லாவிட்டால் இன்றைய கூலிக்கு வேலை ஓடாது” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது மெய்தான். பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையை மின்சாரமில்லாமல் செய்தார்களே என்று இளந்தச்சர்களைக் குறைகூறுவோர் உண்டு. அரண்மனைக்கு வேலை செய்தவர்களுக்கு, ஒரு மாதத்துக்குள் வீட்டை முடித்துக்கொடு என்று ஒப்பந்தக்காரர் நெருக்கியிருக்கமாட்டார். ஆகையால் இயந்திரம் வேண்டுமா என்பது கேள்வியன்று. எந்த இயந்திரம் என்பதே கேள்வி.

அந்தத் தலைகீழ்க் கருவியிடம் என்ன குறை? வட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர்தான். ஆனால் நிமிஷத்துக்கு 12,000 சுற்றுக்குக் குறையாமல் சுழலக்கூடியது. அதன் பல்லின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். வேகத்தைவிடப் பெரிய குறை, பற்களுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமை. மரத்தை நெடுக்கே ஈரும்போது என்ன நேர்கிறதென்று பாருங்கள். வளரும்போதே மரத்துக்குள் தங்கிப்போன இறுக்கம், ஈர்ந்தவுடன் விடுபடுகிறது. இரண்டு பாதிகளும் சில வேளை விரிகின்றன. சில வேளை ஒன்றையொன்று நோக்கி நெருங்குகின்றன. ரப்பர் மரத்தில் இந்த இறுக்கம் மிகுதி. மழைக்காலத்து ஈரமரமும் சொன்னபடி கேட்பதில்லை. நெருங்கும் பாதிகள் வட்டின் பின்பகுதியைக் கவ்வுகின்றன. பின்பக்கத்துப் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி எழுபவை. அவை மரத்தைத் தூக்கி, தள்ளுகிறவரின் வயிற்றை நோக்கி வீசிவிடுகின்றன. மரம் பின்னே பாயும் அந்த ஒரு கணத்தில், அதை அழுத்திக்கொண்டிருந்த கை, பிடிப்பிழந்து பற்களின்மேல் விழுகிறது. ஒருவர் கவனக்குறைவாக இருந்ததால்தான் விரல் போயிற்று என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கவனமாக இருந்தவருக்கும் இது நேரும்.

இதைத் தடுப்பது ஒரு சாதாரண எஃகுத் தகடு. வட்டுக்கு நேர் பின்னால், பிறைபோல் வளைந்து, வட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும். கடைக்காரர்கள் ரைவிங் நைப் என்பார்கள். நாம் பிளவுத்தகடு என்று வைத்துக்கொள்வோம். ஈர்ந்த பிளவுக்குள் அது நுழைந்து நிற்பதால் மரம் வட்டைக் கவ்வமுடியாது. இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளிலேயே வட்டரம்பத்துக்குப் பிளவுத்தகடும் மேல்மூடியும் தள்ளுகோலும் வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. ஆயின் அவ்விதிகள் தொழிற்சாலைக்கு உரியவை. பாதி கட்டிய வீட்டின் முற்றத்துக்கு எந்த அதிகாரி வருகிறார்?

ஆகவே கடைக்குப் போனதும் குதிரைத்திறனை விசாரிக்காதீர்கள். பிளவுத்தகடு இருக்கிறதா, வட்டோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா, மேல்மூடியைக் கழற்றினாலும் அது தனியே நிற்கிறதா என்று பாருங்கள். தகட்டின் பருமன் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வாங்கும் ஒவ்வொரு வட்டின் பல் அறுக்கும் அகலமும் அந்தப் பருமனைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று மெல்லிய வட்டை வாங்கிவருகிறார்கள். மரம் தகட்டில் முட்டிக்கொள்கிறது. உடனே வட்டை மாற்றாமல் தகட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். பல பட்டறைகளில் பிளவுத்தகடு காணாமற்போகும் கதை இதுதான்.

அடுத்தபடி மரத்துக்கு வழிகாட்டும் பக்கச்சட்டம். பென்ஸ் என்பது அதுவே. அது வட்டுக்கு இணையாக நிற்கவேண்டும். பூட்டியபின் கையால் தட்டினாலும் அசையக்கூடாது. பல்சக்கரத்தின் உதவியால் முன்னும் பின்னும் ஒருசேர நகரும் சட்டம் கிடைக்குமானால் சற்று விலை கூடினாலும் அதையே கொள்ளலாம். திறனில் 300 வாட் குறைந்தால் மரத்தை மெதுவாகத் தள்ளிச் சமாளிக்கலாம். கோணலான சட்டத்தைச் சமாளிக்க வழியில்லை.

அளவைப்பற்றிச் சொல்கிறேன். நம் பக்கத்து வாசல்நிலைக்குப் பெரும்பாலும் 4 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டம் போடுகிறோம். 3 அங்குலம் என்பது 76 மில்லிமீட்டர். 254 மில்லிமீட்டர் வட்டு, அதாவது 10 அங்குல வட்டு, நிமிர்ந்து நிற்கும்போது 79 மில்லிமீட்டர் அளவுக்கு அறுக்கும். நிலைச்சட்டம் ஒரே ஓட்டத்தில் முடியும். 210 மில்லிமீட்டர் வட்டு 65-ஐ ஒட்டி நின்றுவிடும். எனவே ஊர்ப்பக்கத்து வீட்டுவேலைக்குப் பெரியதே தகும். பெங்களூரிலோ மும்பையிலோ அடுக்குமாடி வீடுகளில் ஒட்டுப்பலகை வேலை மட்டும் செய்கிறவருக்குச் சிறியது போதும். மாடிப்படியில் தூக்கிச் செல்வதற்கும் நல்லது. ஆனால் 4 அடி அகலப் பலகையைச் சரிபாதியாகப் பிளக்கவேண்டுமானால், பக்கச்சட்டம் வட்டிலிருந்து 610 மில்லிமீட்டராவது விலகவேண்டும். அதைக் கடையிலேயே அளந்துவிடுங்கள். நிறுவனங்களின் பெயரை வானொலியில் சொல்வது மரபன்று. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. நாடா அளவுகோல் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் போதும்.

வட்டின் நடுத்துளை சிலவற்றில் 25.4, சிலவற்றில் 30 மில்லிமீட்டர். வெளியூரில் வட்டு வாங்குவோர் இதையும் நினைவில் வைக்கவேண்டும். நெடுக்கே ஈர்வதற்கு 24 பல், ஒட்டுப்பலகைக்கு 60 பல் என்று இரண்டு வட்டுகள் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும்.

மின்சாரத்தைக் குறித்து ஒரு கணக்கு. 1,800 வாட் இயந்திரம் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 50 மீட்டர் தூரம் மின்சாரம் கொண்டுவந்தால் வழியிலேயே 14 வோல்ட் போய்விடும். கிராமத்துக் கடைக்கோடி வீட்டில் முன்பே 190 வோல்ட்தான் வருகிறது என்றால், இயந்திரத்துக்கு எட்டுவது 176. மோட்டார் முனகும், சூடேறும், பழி இயந்திரத்தின்மேல் விழும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அந்த இழப்பு 6 வோல்ட்டுக்கும் குறைவு. இருபருவ மழையும் பெய்யும் பகுதியாகையால், மின்கசிவு கண்டால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் விசையும் கட்டாயம் வேண்டும்.

விரல் பட்டவுடன் தானாக நிற்கும் ரம்பம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் அதை உருவாக்கினார். 2004-இல் விற்பனைக்கு வந்தது. வட்டில் ஓடும் சிறு மின்குறிப்பு, உடல் பட்டதும் மாறுகிறது. உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களில் பாய்ந்து, 5 மில்லி வினாடிக்குள் வட்டை நிறுத்துகிறது. கட்டையும் வட்டும் கெட்டுப்போகும், விரல் தப்பும். ஆனால் நனைந்த மரத்தையும் அது விரலென்று எண்ணிவிடக்கூடும். விலையோ நம் தச்சருக்கு எட்டாது.

விலையைப்பற்றி மழுப்பிப் பயனில்லை. கல் அறுக்கும் கருவி சில ஆயிரத்தில் முடிந்துவிடுகிறது. முறையான மேசை ரம்பத்துக்குப் பல பத்தாயிரம் வேண்டும். சேர்ந்து வேலை செய்யும் நால்வர் கூடி வாங்கலாம். அதுவும் இயலாதெனில், நிலையையும் சட்டங்களையும் அறுவை மில்லிலேயே ஈர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டுப்பலகையை மேசைமேல் கிடத்தி, நேர்க்கட்டை ஒன்றைப் பிணைத்து, அதை ஒட்டிக் கைரம்பத்தை ஓட்டுங்கள். நேரம் சற்றுக் கூடும். பலகைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும் கருவியை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன்.

வாங்கிய அன்றே, மின்கம்பியைச் செருகுமுன், மேசையில் உள்ள நீளப் பள்ளத்திலிருந்து பக்கச்சட்டத்துக்கு முன்முனையிலும் பின்முனையிலும் அளந்து பாருங்கள். பிறகு அதே பள்ளத்திலிருந்து வட்டின் முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் அளந்து பாருங்கள். சட்டத்தின் பின்முனை வட்டை நோக்கித் தலைமயிரளவு சாய்ந்திருந்தாலும், திருத்தாமல் முதல் மரத்தை ஈரவேண்டாம். திருத்தும் ஆணிகள் எங்கே இருக்கின்றன என்பது உடன்வரும் புத்தகத்தில் உண்டு. அதில் தமிழ் இல்லையென்றால், படத்தைக் காட்டிக் கடைக்காரரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். பணம் கொடுக்குமுன் சொல்லுங்கள்.