விசாவிலிருந்து வதிவிட உரிமைக்கு

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் உயர்தர மாணவிகளுக்கும் பழைய மாணவிகளுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த நாடுகளில் எமது மாணவிகளின் சாதனைகள் பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் கேட்டார்கள். சாதனைகளைப் பற்றி வேறு பலர் பேசுவார்கள். தலைவியிடம் அனுமதி கேட்டு நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் வெளிநாடு போக நினைக்கிறீர்கள் என்று கேட்டால் அதிபருக்கு முன்னால் கை உயர்த்தமாட்டீர்கள், அதனால் கேட்கவில்லை. போங்கள் என்றோ போகவேண்டாம் என்றோ சொல்லவும் நான் வரவில்லை. விமான நிலையம் வரைக்கும் வழிசொல்ல ஊரில் நிறையப்பேர் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிற ஐந்து வருடங்களைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு. எனக்குத் தெரிந்த நாடு பிரித்தானியா. ஆகவே அந்த நாட்டைப்பற்றி மட்டும் பேசுகிறேன்.

என் வயதுக்காரருக்கு அனுமதிப் பத்திரம் புதிய சாமான் இல்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகப் "பாஸ்" எடுத்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். பாஸ் கொடுத்தவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள், வரிசை மாறவில்லை. கொழும்பில் தங்கினால் பொலிஸ் பதிவு. அந்தத் துண்டை அடையாள அட்டையோடு மடித்து வைத்துக்கொண்டுதான் பாண் வாங்கக் கடைக்கும் போனோம். 2016இல் லண்டனில் வதிவிட அட்டையைக் கையில் வாங்கியபோது அது எனக்குப் பழகிய பொருளாகவே தெரிந்தது. பெயர், படம், முடிவுத் திகதி, நிபந்தனைகள்.

அந்த நிபந்தனையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேலை விசாவில் போகும் ஒருவருக்கு ஒரு ஸ்பொன்சர் இருக்க வேண்டும். அரசிடம் லைசென்ஸ் பெற்ற ஒரு வைத்தியசாலையோ நிறுவனமோ உங்கள் பெயரில் ஒரு சான்றிதழ் வழங்கும். அந்த வேலைக்கு, அந்த இடத்துக்கு என்றுதான் விசா. வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் 2020 ஓகஸ்டிலிருந்து தனியாகச் சுகாதார விசா இருக்கிறது, கட்டணம் குறைவு, ஆனால் கட்டு ஒன்றுதான். வேலை போனாலோ ஸ்பொன்சரின் லைசென்ஸ் பறிபோனாலோ வழமையாக 60 நாட்கள் தருவார்கள். அதற்குள் வேறு ஸ்பொன்சரைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும்.

இப்படி ஒருவர் தொடர்ந்து ஐந்து வருடம் இருந்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதுதான் நான் போன காலத்து விதி. அங்கே அதன் பெயர் காலவரையறை இல்லாத அனுமதி. ஐந்து வருடம் பெரிய காலமா என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவ பீடத்தில் அதைவிடக் கூடுதலாக இருந்தவள் நான். வித்தியாசம் எங்கே என்றால், அந்த ஐந்து வருடமும் உங்களால் யாருக்கும் "மாட்டேன்" என்று சொல்ல முடியாது. மேலதிக இரவுக் கடமை வந்தால், சரி. உங்கள் விடுமுறையை வேறொருவருக்கு மாற்றினால், அதுவும் சரி. உங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர் உங்களுக்கு முன்னால் உயர்ந்தால் சிரித்துக்கொண்டு வாழ்த்துவீர்கள். யாரும் உங்களை வெருட்டத் தேவையில்லை. சான்றிதழ் யாருடைய கையில் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

இப்போது நான் லண்டன் புறநகர் ஒன்றில் குடும்ப வைத்தியர். முதியோர் இல்லங்களில் வேலைசெய்யும் எங்கள் பெண்கள் என்னிடம் வருவார்கள். ஆளை அடையாளம் தெரியாதபடி ஒன்றைச் சொல்கிறேன். ஒருவருக்குத் தோள்மூட்டில் கடும் நோவு. ஆட்களைத் தூக்கிக் கிடத்துகிற வேலை. இரண்டு கிழமை ஓய்வுக்குக் கடிதம் தருகிறேன் என்றேன். "கடிதம் வேண்டாம் டொக்டர், நோக்குளிசை மட்டும் தாங்கோ" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதே பதிலை உயர் இரத்த அழுத்தக்காரரிடமும், கருத்தரித்து நான்கு மாதமான பெண்ணிடமும் கேட்டிருக்கிறேன். சட்டப்படி அவர்களுக்கும் சுகவீன விடுப்பு உரிமை உண்டு. உரிமையைப் பாவிக்கிற துணிவு விசாவோடு சேர்ந்து வருவதில்லை.

என் கதையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2018இல் வைத்தியசாலை வேலையிலிருந்து குடும்ப மருத்துவப் பயிற்சிக்கு மாறினேன். ஸ்பொன்சர் மாறினால் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த நேரம் கடவுச்சீட்டையும் விண்ணப்பத்தோடு தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டுப் புறப்பட்டால் விண்ணப்பத்தை நீங்களே மீளப்பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். அனுப்பி மூன்றாம் கிழமை அப்பா காலமானார். நான் போயிருந்தால் பயிற்சி இடமும் விசாவும் போயிருக்கும். கைக்குழந்தை ஒன்று, கணவருடைய விசாவும் என்னுடையதில்தான் தொங்கியது. செத்தவீட்டைத் தொலைபேசித் திரையில் பார்த்தேன். தம்பி கொள்ளி வைத்தான். எட்டுக்கும் போகவில்லை, அந்தியேட்டிக்கும் போகவில்லை. கடவுச்சீட்டு திரும்பி வந்தது அந்தியேட்டி முடிந்து பத்தாம் நாள். ஆட்டைத் திவசத்துக்கு வந்து நின்றபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டா. இந்த மண்டபத்தில் இருக்கிற பலருடைய வீட்டிலும் இதே கதை இருக்கும், நாடு மட்டும் வேறாக இருக்கும்.

அந்தக் கைக்குழந்தை லண்டனில் பிறந்தவன். அங்கே பிறந்தால் அந்த நாட்டுப் பிரசை என்று ஊரில் இன்னும் நினைக்கிறார்கள். 1983 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அப்படி இல்லை. தாயோ தந்தையோ பிரித்தானியப் பிரசையாகவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ இருந்தால்தான் பிள்ளை பிறப்பிலேயே பிரசை. ஆகவே என் மூத்தவன் இலங்கைக் கடவுச்சீட்டோடு வளர்ந்தான். எங்களுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தபின் ஆயிரம் பவுணுக்கு மேல் கட்டித்தான் அவனைப் பதிவுசெய்தோம். அதற்குப் பிறகு பிறந்த இளையவனுக்கு அந்தத் தேவையே வரவில்லை. ஒரே வைத்தியசாலை, ஒரே தாய். மூத்தவன் இதை வைத்துத் தம்பியோடு சண்டை பிடிப்பதும் உண்டு.

கொரோனாக் காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020இல் தேசிய சுகாதார சேவையில் வேலைசெய்து கொரோனாவால் இறந்த வெளிநாட்டவரின் குடும்பத்தினருக்கு அரசு உடனே, கட்டணமின்றி, நிரந்தர வதிவிடம் வழங்கியது. முதலில் துப்புரவுப் பணியாளரும் சுமையாளரும் அதில் இல்லை, எதிர்ப்பு எழுந்தபின் மே மாதம் அவர்களையும் சேர்த்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். ஆனால் இரவுக் கடமையில் முகக்கவசத்தோடு இருந்த நாங்கள் நான்கைந்து பேர் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உயிரோடிருந்தவர்களுக்கு ஐந்து வருடக் கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இனிக் கணக்கு. போக இருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து வருடத்தில் எந்த 12 மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் 180 நாட்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்திருக்கக் கூடாது. ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று எண்ணக் கூடாது, எந்த நாளிலிருந்து எண்ணினாலும் சரிவர வேண்டும். புறப்படும் நாளும் திரும்பும் நாளும் கணக்கில் சேராது. வெளியேறும்போது அவர்கள் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை, எனவே விமானச் சீட்டுகளை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு, போன நாள், வந்த நாள், காரணம் என்று எழுதினேன். கணினியில் செய்யலாமே என்று கணவர் சிரித்தார். விண்ணப்பம் நிரப்பும் இரவில் அந்தக் கொப்பியைத்தான் அவரும் தேடினார். சம்பளச் சிட்டை ஒன்றையும் எறியாதீர்கள். முடிந்துபோன கடவுச்சீட்டையும் எறியாதீர்கள்.

மாணவர் விசாவில் இருந்த காலமும், படிப்பு முடிந்தபின் தருகிற பட்டதாரி விசாவில் இருந்த காலமும் இந்த ஐந்து வருடத்தில் சேராது. முதுமாணிப் படிப்புக்குக் காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு இதை ஒருவரும் சொல்வதில்லை. குடும்ப மருத்துவத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பயிற்சி மூன்று வருடம், வதிவிடம் ஐந்து வருடம். பயிற்சி முடிந்த வைத்தியர் மிச்சக் காலத்துக்கு ஸ்பொன்சர் லைசென்ஸ் உள்ள மருத்துவ நிலையத்தைத் தேடி அலைய வேண்டும், சிறிய நிலையங்கள் பலவற்றிடம் அது இல்லை. நான் முதலில் இரண்டு வருடம் வைத்தியசாலையில் வேலைசெய்திருந்ததால் எனக்குக் கணக்கு நேராக வந்தது.

பரீட்சையும் உண்டு. பிரித்தானிய வாழ்க்கை பற்றி 24 கேள்விகள், 45 நிமிடம், 18 சரியாக இருக்க வேண்டும், கட்டணம் 50 பவுண். எட்டாம் ஹென்றி மன்னரின் ஆறு மனைவியர் யார், யாருக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் படிக்க வேண்டும். மனனம் செய்வதில் இந்தக் கல்லூரிப் பிள்ளைகளை யார் வெல்வது? சரித்திர ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறா, அவவுக்கு நன்றி. கஷ்டமானது கட்டணம்தான். 2025 ஏப்ரலில் நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்குத் தலைக்கு 3,029 பவுணாக இருந்தது. நான்கு பேர் என்றால் 12,000 பவுணுக்கு மேல். அடுத்த நாளே முடிவு வேண்டுமென்றால் தலைக்கு இன்னும் ஆயிரம். முதல் வருடத்திலிருந்தே சீட்டுக் கட்டுவதுபோல் சேர்க்க வேண்டிய பணம் அது.

எனக்கு 2021இல் கிடைத்தது. பெரிய கொண்டாட்டம் ஒன்றும் இல்லை, ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதம் இன்னொரு மின்னஞ்சல் வந்தது, வார இறுதியில் மேலதிகக் கடமை செய்ய முடியுமா என்று. "இம்முறை என்னால் இயலாது" என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு நெஞ்சு படபடக்க இருந்தேன். "பரவாயில்லை, நன்றி" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். நிரந்தர வதிவிடம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நிரந்தரம் என்ற சொல்லையும் முழுக்க நம்பிவிடாதீர்கள். தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அனுமதி இல்லாமல் போகும். அம்மாவைப் பார்க்க ஊரோடு வந்து நிற்க நினைக்கும் பிள்ளைக்கு இது பெரிய விடயம். வதிவிடம் கிடைத்து, வழமையாக ஒரு வருடத்தின் பின் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் வேறு நாட்டுப் பிரசாவுரிமை எடுத்தால் எங்கள் சட்டப்படி இலங்கைப் பிரசாவுரிமை போய்விடும். இரட்டைப் பிரசாவுரிமை தானாக வராது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். காணி, வீடு உள்ளவர்கள் அவசரப்பட வேண்டாம், முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

நான் சொன்ன ஐந்து வருடமும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2025 மே மாதம் பிரித்தானிய அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதைப் பொதுவாகப் பத்து வருடமாக்க முன்மொழிந்தது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆட்களை எடுப்பதை 2025 ஜூலை 22ஆம் திகதி நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த விசாவை விற்கிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஸ்பொன்சர் சான்றிதழுக்கு உங்களிடம் இலட்சக் கணக்கில் யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் பணம் கொடுத்துப் போய், இறங்கியபின் வேலையே இல்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். விதிகளை அரசின் இணையத்தளத்தில் நீங்களே வாசியுங்கள், ஆங்கிலம் கடினமாக இருந்தால் உங்கள் ஆங்கில ரீச்சரோடு இருந்து வாசியுங்கள்.

சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் நேரத்தில் பின்பக்க மேசையில் இருப்பேன். பார்க்க விரும்புகிற பிள்ளைகள் வாருங்கள், பெற்றோரையும் கூட்டி வாருங்கள்.