கேமரன் மலைக்குப் போகும் வழியில்

கேமரன் மலைக்குப் போய்வந்தவர்களிடம் தாப்பாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஆமாம், அங்கேதான் பசியாறினோம்" என்பார்கள். அதோடு சரி. இன்று பசியாறிய இடத்திலேயே கொஞ்சம் நிற்போம்.

பேராக்கின் தெற்கே, பத்தாங் பாடாங் மாவட்டத்தின் தலைநகர் தாப்பா. ஊர் ஒரு பக்கம், அதன் பெயரைச் சுமக்கும் ரயில் நிலையம் இன்னொரு பக்கம். நடுவே ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இதற்குக் காரணம் ஈயம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தைத் துறைமுகம் சேர்க்க, 1893-இல் தெலுக் ஆன்சனிலிருந்து, அதாவது இன்றைய தெலுக் இந்தானிலிருந்து, தாப்பா ரோடு வரை இருப்புப்பாதை போட்டார்கள். பிறகு அது ஈப்போவைத் தொட்டது. ஊருக்குள் வர அதற்கு வேலை இருக்கவில்லை.

தாப்பாவுக்கு வாழ்வு தந்தது ரயில் அல்ல, மலைச் சடக்கு. நில அளவையாளர் வில்லியம் கேமரன் அந்த மேட்டு நிலத்தைக் கண்டது 1885-இல். வரைபடத்தில் அதைச் சரியாகக் குறிக்காமல் விட்டார் என்பது வேறு கதை! தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு ஏறும் சடக்கு முடிந்தது 1931-இல். சுமார் 60 கிலோமீட்டர், முழுக்க வளைவுகள். இந்த நாட்டின் தண்டவாளத்திலும் சடக்கிலும் கல்லுடைத்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! கேமரனின் பெயர் ஒரு மலைக்கே இருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயரும் வழியோரக் கல்லில் என் கண்ணில் படவில்லை.

சிம்பாங் பூலாய்ப் பக்கம் கேமரனுக்குப் புதுப் பாதை வந்தபின், பழைய சடக்கில் நெரிசல் குறைந்தது. கடைக்காரர்களுக்கு நட்டம், நிதானமாகப் போகிறவர்களுக்கு லாபம். லாத்தா இஸ்கண்டார் அருவி சடக்கோரத்திலேயே பாறை மேல் சரிந்து இறங்குகிறது. அந்தப் பக்கம் செமாய் பூர்வக்குடியினர் பெத்தாய்க் கொத்துகளைத் தொங்கவிட்டு விற்பார்கள்.

எனக்கு அருவியைவிடக் குவாலா வோதான் பிடிக்கும். வெந்நீர் ஊற்று சுடச்சுட வந்து குளிர்ந்த ஆற்றில் கலக்கிற இடம். ராஜா புரூக் என்ற பெரிய வண்ணத்துப்பூச்சி, கரும்பட்டு இறக்கையில் பச்சை மின்ன, ஊற்றோர ஈரமண்ணில் உட்கார்ந்து உப்புச் சத்தை உறிஞ்சும். கூட்டமாக வருபவை எல்லாம் ஆண் பூச்சிகள். மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி இதுதான்.

தண்ணீரிலும் ஒரு விந்தை உண்டு. பகாங் பக்கம் ஓட வேண்டிய பெர்த்தாம் ஆற்றைக் கேமரன் மலையின் ரிங்லெட்டில் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து பேராக் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். 1963 முதல் அது ஜோர் மின் நிலையத்தை இயக்குகிறது. பின்னர் வோ நிலையமும் சேர்ந்தது. கேமரன் மழை, தாப்பா மலையடிவாரத்தில் மின்சாரமாகிறது.

ரயிலில் வருகிறவர்கள் தாப்பா ரோட்டில் இறங்கி, ஊருக்குப் போக வண்டியை முன்னமே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் குளிப்பதானால் காலையிலேயே குளித்துவிடுங்கள். பிற்பகலில் மேலே மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். நீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால், யோசிக்காமல் கரையேறுங்கள்.