எந்த நூலை முதலில் எடுப்பது? உர்சுலா லெ குவினும் மொழி பயில்வோரும்



இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களையும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுகதைகளையும் எழுதிய ஒருவரை எந்த நூலிலிருந்து படிக்கத் தொடங்குவது? மிகுபுனைவிலும் அறிவியல் புனைவிலும் ஒருசேரப் புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினை (1929–2018) அணுகும் மாணவர் முன் நிற்கும் முதல் வினா இதுவே.

விருது பெற்ற நூலிலிருந்து தொடங்குவது ஒரு வழி. 1969இல் வெளிவந்த ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ ஹியூகோ, நெபுலா ஆகிய இரு விருதுகளையும் பெற்றது. ஆயினும் பதினைந்து வயது மாணவர் ஒருவர் அதையே முதலில் எடுத்தால், அயற்பெயர்களும் அரசவைச் சூழ்ச்சிகளும் நிறைந்த தொடக்க இயல்களிலேயே களைத்து நூலை மூடிவிடக்கூடும். அதன்பின் அவ்வாசிரியரின் பிற நூல்களையும் அவர் நாடமாட்டார். வெளிவந்த ஆண்டு வரிசையில் படிப்பது இரண்டாவது வழி. 1966இல் வந்த முதல் நாவலில் அவருடைய முழு ஆற்றலும் வெளிப்படவில்லையாதலின் அவ்வழியும் சிறந்ததன்று.

நாம் மொழியைப் பயில்வோர், பயிற்றுவோர். நம் தேர்வும் மொழியை அடிப்படையாகக் கொண்டு அமையலாம். லெ குவினின் தந்தை ஆல்ஃபிரெட் குரோபர், கலிபோர்னியப் பழங்குடிகளின் வாழ்வையும் மொழிகளையும் ஆராய்ந்த மானிடவியலாளர். மொழிக்கும் வாழ்வுக்கும் உள்ள தொடர்பு மகளின் படைப்புகளில் மீண்டும் மீண்டும் பேசுபொருளாகிறது. அத்தொடர்பைப் பற்றிக்கொண்டு மூன்று நூல்களை வரிசைப்படுத்துகிறோம்.

முதலாவது, 1968இல் இளையோருக்காக எழுதப்பட்ட ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’. அளவில் சிறியது. எர்த்சீ தீவுகளில் ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஓர் உண்மைப்பெயர் உண்டு. அப்பெயரை அறிந்தவர் அதன்மேல் ஆற்றல் பெறுவர். ஆதலின் மக்கள் உண்மைப்பெயரை மறைத்து, வழங்குபெயரால் அழைக்கப்படுகின்றனர். கெட் என்னும் இளைஞன் தன் செருக்கினால் வெளிப்பட்ட நிழலை எதிர்கொள்வதே கதை. பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பிரித்துப் பயிலும் நம் மாணவர், அவ்விரண்டனுள்ளும் எளிதில் அடங்காத ஒரு பெயர்வகையை இங்குக் காண்பர். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு எத்தகையது என்று வகுப்பில் வினவ இது நல்ல வாயில்.

இரண்டாவது, 1974இல் வந்த ‘தி டிஸ்பொசெஸ்ட்’. புகுமுக வகுப்பு மாணவர்க்கு ஏற்றது. உர்ராஸ், அனாரெஸ் என்னும் இரண்டு உலகங்கள் இயலுக்கு இயல் மாறிமாறி வருவதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் தடுமாறமாட்டார்கள். அனாரெஸில் தனியுடைமை இல்லை. அங்கு வழங்கும் பிராவிக் மொழியும் உடைமைச் சொற்களைத் தவிர்க்கிறது. ‘என் அம்மா’ என்று சொல்லத் தொடங்கும் குழந்தை, விரைவில் ‘என்’ என்பதை விட்டுவிடக் கற்கிறது. கை வலித்தால் அதை ‘என் கை’ என்று கூறுவதில்லை. ஆங்கில வாசகருக்கு இது புதுமை. நமக்கோ ‘எனக்குக் கை வலிக்கிறது’ என்பதே இயல்பான வழக்கு. உடன்பிறப்பில்லாத பிள்ளையும் ‘எங்கள் அம்மா’ என்றே சொல்கிறது. அதனால் நம்மிடம் உடைமையுணர்வு குறைந்துவிட்டதா? மொழி சிந்தனையை எவ்வளவு தூரம் வடிவமைக்கிறது என்பதை மாணவர் தம் தாய்மொழியைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

மூன்றாவதாக, முன்னர்த் தள்ளிவைத்த ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நூலுக்கு வரலாம். கெத்தன் உலகத்தார் பெரும்பாலான நாள்களில் ஆணுமல்லர், பெண்ணுமல்லர். மாதத்தில் சில நாள்கள் மட்டும் இரண்டில் ஒன்றாக மாறுவர். அவர்களை லெ குவின் ஆண்பாற் சுட்டுப்பெயரால் குறித்தமை கண்டனத்துக்கு உள்ளாயிற்று. முதலில் தம் தேர்வை ஆதரித்து எழுதிய அவர், பின்னர்க் கருத்தை மாற்றிக்கொண்டார். அதே உலகைப் பற்றிய 1969ஆம் ஆண்டுச் சிறுகதை ஒன்றை 1975இல் தொகுப்பில் சேர்த்தபோது, ‘அரசன்’ என்னும் சொல்லை அப்படியே வைத்து, சுட்டுப்பெயர்களை மட்டும் பெண்பாலாக்கினார்.

இந்நாவலைத் தமிழில் எவ்வாறு தருவது? ‘அவர்’ என்போமாயின் சிக்கல் தீர்ந்ததாகத் தோன்றும். ஆயின் ‘அவர்’ மதிப்பையும் உடன் சுமந்துவருகிறது. ஐயத்தில் தொடங்கும் இருவர் உறவு, பனிவெளிப் பயணத்தில் நெருங்கிய நட்பாகக் கனிவதே இந்நாவலின் உயிர். இறுதிவரை ‘அவர்’ என்றே எழுதினால் அந்நெருக்கத்தைக் காட்டுவது எவ்வாறு? ‘அது’ என்றால் வளர்ந்த மனிதரை இழிவுபடுத்தியதாகும். ‘வந்தான்’, ‘வந்தாள்’ என வினைமுற்றும் பால் காட்டுவதால் சுட்டுப்பெயரை நீக்கியும் தப்ப இயலாது. ஒரு பக்கத்தை மட்டும் மொழிபெயர்க்குமாறு மாணவரிடம் கொடுத்துப் பாருங்கள். திணையும் பாலும் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பட்டியலாக இராமல், முடிவெடுக்க வேண்டிய பொறுப்பாக அவர்களுக்குத் தோன்றும்.

கற்பனை மொழி ஒன்றன் சொல்லடைவையும் கொண்ட ‘ஆல்வேஸ் கமிங் ஹோம்’ (1985) இம்மூன்றனுக்கும் பின்னர் வரலாம். அவசரம் வேண்டியதில்லை.

ஒரு நூல் எத்தகைய மதிப்பைப் பெற்றது என்பதை விருதுப் பட்டியல் சொல்லும். இன்று எந்த நூல் நமக்கு உரியது என்பதை நாம் உடன் கொண்டுசெல்லும் வினாவே சொல்லும். மாணவர் கையில் நூலைக் கொடுக்குமுன் அவ்வினாவைக் கொடுப்போம்.